மூளைக்கு மேல் பழைய இரத்தம்: வெட்டாமல் ஆறுமா?

கேள்வி: புதுக்குடியிருப்பில் இருக்கும் மாமாவுக்கு 76 வயது. இரண்டு மாதத்துக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். தலையிடி விடாததால் ஸ்கான் எடுத்தோம். மூளைக்கு மேல் மெல்லியதாகப் பழைய இரத்தம் நிற்கிறதாம். ஒப்பரேசன் வேண்டாம், மூன்று கிழமையில் திரும்ப ஸ்கானுக்கு வாருங்கள் என்றார்கள். நெஞ்சு வருத்தத்துக்கு அஸ்பிரின் போடுகிறவர். சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாமா?

பதில்: பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் சும்மா அல்ல.

வயது போகப் போக மூளை சற்றுச் சுருங்கும். அதற்கும் மேலுறைக்கும் இடையில் ஓடும் மெல்லிய நாளங்கள் இழுபட்டு நிற்பதால் சின்னத் தட்டலிலும் கசியும். பிறகு அந்த இரத்தத்தைச் சுற்றி ஒரு சவ்வு வளர்கிறது. அதில் முளைக்கும் புது நாளங்களும் கசிகின்றன. உடம்பு இன்னொரு பக்கத்தால் உறிஞ்சிக்கொண்டிருக்கும். கைகால் பலமும் தெளிவும் குறையாமல், இரத்தமும் மெல்லியதாக இருந்தால் உடம்புக்கு அவகாசம் கொடுப்பது சரியான வைத்தியம்தான்.

முதல் வேலை அஸ்பிரின். அது இரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்து. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், யோசிக்காமல் தொடரவும் வேண்டாம். பெரும்பாலும் கொஞ்சக் காலம் நிறுத்துவார்கள். ஆனால் இதய நாளத்தைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் இருந்தால் நிறுத்துவதே ஆபத்தாகலாம். நாளைக்கே கிளினிக் கொப்பியையும் ஸ்கானையும் சேர்த்துக் கொண்டுபோய் முடிவை எழுதி வாங்குங்கள். தலையிடிக்கு டாக்டர் சொன்ன அளவில் பரசிற்றமோல் போதும். இரத்தக் கசிவைக் கூட்டக்கூடிய டைக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரை வேண்டாம்.

மருந்தால் கரைக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். கொலஸ்ட்ரோல் மருந்தான அட்டோர்வாஸ்டாட்டின் உதவுவதாக 2018இல் சீன ஆய்வொன்று சொன்னது. ஆனாலும் அது எல்லோருக்குமான வழமையாகவில்லை. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தைத் தாங்களாக வாங்கிப் போடவே கூடாது. பிரித்தானியாவில் 748 பேரிடம் செய்து 2020இல் வெளியான ஆய்வில், அதை எடுத்தவர்கள் ஆறு மாத முடிவில் மற்றவர்களைவிட மோசமாகவே இருந்தார்கள். மூளையின் மேலுறைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளத்தை மெல்லிய குழாய் வழியாக அடைக்கும் முறை 2024 ஆய்வுகளில் நம்பிக்கை தந்திருக்கிறது. அதற்குப் பெரிய வசதி வேண்டும்.

வீட்டில் இன்னொரு விழுகை வராமல் பார்ப்பதுதான் பெரிய காரியம். இரவில் மலசலகூடத்துக்குத் தனியே விடாதீர்கள், வழியில் வெளிச்சம் போடுங்கள், கால் தடக்காதபடி சாரத்தை உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். பாயில் படுப்பவரென்றால் கட்டிலுக்கு மாற்றுங்கள். சைக்கிளும் கள்ளும் இப்போதைக்கு இல்லை.

தினமும் காலையில் ஒருமுறை நடக்க வைத்துப் பாருங்கள். ஒரு கால் இழுபடுகிறதா, பேச்சுக் குழறுகிறதா, கேட்டதையே கேட்கிறாரா, பகலெல்லாம் தூங்குகிறாரா? இதை ‘வயசு போனால் அப்படித்தான்’ என்று விடுவதால்தான் பலர் பிந்தி வருகிறார்கள். இதில் ஒன்று புதிதாக வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வலிப்பு, தொடர் வாந்தி, எழுப்பியும் எழும்பாமை என்றால் உடனே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். தலையில் விழுந்தவர், அஸ்பிரின் போடுகிறவர் என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.