விடலைத் தேங்காயும் இரண்டு ரதங்களும்

கேள்வி: நெல்லையிலிருந்து வந்து பாயான் லெப்பாஸில் வேலை பார்க்கிறேன். பினாங்கில் இதுதான் முதல் தைப்பூசம். ரதத்துக்குத் தேங்காய் உடைக்க ஆசை. ஆறு வயதுப் பையனையும் கூட்டிப் போகலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் நெல்லையில் விடலை (சிதறுகாய்) போட்டதும் பிள்ளைகள் சில்லு பொறுக்கப் பாய்வார்களே, அந்தப் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். இங்கே ஒரு காய் இரண்டு காய் இல்லை. சாலை நடுவே மலைபோல் குவித்து, மேலே சூடம் ஏற்றுவார்கள். சீனர்கள் ஊதுபத்தியும் செருகி வைப்பார்கள். ரதம் நெருங்கியதும் பல பேர் ஒரே நேரத்தில் வீசுவார்கள். ஓட்டுச் சில்லு இடுப்பு உயரத்துக்குத் தெறிக்கும். அது ஆறு வயதுப் பிள்ளைக்கு முக உயரம். எனவே பையன் உடைப்பவர்களுக்குப் பின்னால், நடைபாதையில், ஒருவர் கைப்பிடியில் நிற்கட்டும்.

உங்களுக்கு மூடிய சப்பாத்து வேண்டும். ரப்பர் செருப்பு தேங்காய்த் தண்ணீரில் வழுக்கும், சில்லும் அடியைக் குத்திக்கொண்டு ஏறும். மட்டை உரித்த முற்றின காயாக வாங்குங்கள். கொஞ்சம் குனிந்து, காலுக்கு ஓரடி முன்னால் தார்ச்சாலையில் ஓங்கி அடியுங்கள். தூரமாக எறிந்தால் உடையாமல் உருண்டு எதிரே நிற்பவர் காலைப் பதம் பார்க்கும். கடைசிக் காய் விழுந்ததும் விலகிவிடுங்கள். ரதச் சக்கரம் உருள வேண்டுமே, சில்லை வாரித் தள்ள ஆட்களும் இயந்திரமும் உடனே வந்துவிடும்.

எந்த ரதத்துக்கு என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். நகரத்தாரின் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து புறப்படும். 2017 முதல் ஓடும் தங்க ரதம் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வரும். இரண்டுமே பூசத்துக்கு முதல் நாள் விடிகாலையில் கிளம்பினாலும் அர்ச்சனைத் தட்டுக்காக நின்று நின்றுதான் நகரும். மணி பார்த்து வந்தால் ஏமாந்துபோவீர்கள். டத்தோ கெராமாட் சாலைப் பக்கம் ஏதாவது தண்ணீர்ப் பந்தலை ஒட்டி இடம் பிடியுங்கள். மோரும் சோறும் கிடைக்கும், நிழலும் உண்டு. காரை மட்டும் கொண்டுவராதீர்கள். சாலை அடைத்துவிட்டால் திரும்ப எடுப்பது பெரும்பாடு.

கேள்வி: மறுநாள் மனைவி பால்குடம் எடுக்கிறார். என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: குடத்தைக் கழுத்துவரை நிரப்ப வேண்டாம், முக்கால் போதும். வாயை மஞ்சள் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு ஐந்நூறுக்கு மேல் படி; வெயில் ஏறினால் பால் திரியும், தார்ச்சாலையும் வெறுங்காலைச் சுடும். இருட்டோடு கிளம்பச் சொல்லுங்கள். செருப்பை வாசலில் விடாமல் பையில் போட்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.