வைத்தியர் பதில்கள்: காலைக்கு முந்தைய இரவு

கேள்வி: எனக்கு வயது 36. தனியார் பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகள், 7.40-க்கு பள்ளி வேன். கணவர் திருச்சியில் வேலை பார்த்துவிட்டு ரயிலில் வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகிவிடும். அவரோடு பத்து மணிக்குச் சாப்பிட்டு, பதினொன்றரைக்குப் படுப்பேன். ஆயுர்வேத முறைப்படி காலையை அமைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, செல்போனில் பார்த்ததை எல்லாம் சேர்த்து ஒரு அட்டவணை போட்டேன். நாலரைக்கு எழுந்து செம்புத் தண்ணீர், வெந்நீரில் தேன் எலுமிச்சை, 20 நிமிடம் எண்ணெய் கொப்பளிப்பு, மூக்கில் சொட்டு, உடம்பு முழுக்க எண்ணெய், யோகா, மூச்சுப்பயிற்சி, தலைக்குக் குளியல் என்று மொத்தம் 11 வேலைகள். ஒன்பதாம் நாள் சளியும் தலைபாரமும் வந்து எல்லாம் நின்றுபோனது. வரிசையில் எங்கே தப்பு செய்தேன்?
– வாசகி, பாபநாசம்

பதில்: அட்டவணையை இரண்டு முறை படித்தேன், சகோதரி. ஒவ்வொன்றுக்கும் நிமிடக் கணக்குப் போட்டு, பிள்ளைகள் எழுவதற்குள் முடிக்க வேண்டும் என்று அடிக்கோடு இட்டிருக்கிறீர்கள். உங்கள் வரிசையில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தாளில் இரவு பத்து மணி இல்லை. உங்களுடைய காலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பிரம்ம முகூர்த்தத்தில் எழச் சொல்வது உண்மைதான். சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்னால் தொடங்கி 48 நிமிடம் வரை அந்த நேரம். ஆறு மணிக்கு உதயம் என்றால் 4.24 முதல் 5.12 வரை. ஆனால் அஷ்டாங்க ஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூலில் ‘தினசரியை’, அதாவது அன்றாட நடைமுறை பற்றிய அத்தியாயத்தின் முதல் வரி, ‘ஸ்வஸ்தன்’ எழ வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஸ்வஸ்தன் என்றால் ஆரோக்கியமாக இருப்பவன். அஷ்டாங்க சங்கிரகம் என்ற இன்னொரு நூல் இன்னும் ஒரு படி போய், முந்தைய நாள் உண்டது செரித்ததா இல்லையா என்று பார்த்து எழச் சொல்கிறது. பத்து மணிக்குச் சாப்பிட்டு நாலரைக்கு எழுந்தால் வயிறு இன்னும் வேலையை முடித்திருக்காது. தூக்கம் ஐந்து மணி நேரம்தான். அந்த உடம்பின் மேல் 11 வேலைகளை ஏற்றியிருக்கிறீர்கள்.

செரித்ததா என்று தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம். எழுந்ததும் ஒரு நிமிடம் படுக்கையிலேயே உட்காருங்கள். ஏப்பம் வந்தால் அதில் நேற்றைய சாம்பார் மணக்கக் கூடாது. வயிறு லேசாக இருக்க வேண்டும். மலம் தானாக வர வேண்டும், காபி ஊற்றித் துரத்தக் கூடாது. கொஞ்ச நேரத்தில் பசிக்க வேண்டும். இவை இருந்தால் மட்டும் அன்றைக்கு எண்ணெய். செரியாத வயிறோடும் சளி கட்டிய உடம்போடும் எண்ணெய் தேய்க்கக் கூடாது என்று அதே அத்தியாயம் தெளிவாகவே விலக்கி வைக்கிறது. நீங்கள் தலைபாரத்தோடு எழுந்த நாளிலும் அட்டவணைக்குப் பயந்து தேய்த்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டீர்கள். இதைச் செய்ய வேண்டிய நாள், செய்யக் கூடாத நாள் என்று பிரித்துச் சொல்லாமல் வெறும் பட்டியலை மட்டும் கொடுத்தவர்கள் மேல்தான் எனக்கு வருத்தம். உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை.

அதனால் முதலில் இரவை மாற்றுவோம். பிள்ளைகளோடு சேர்ந்து ஏழே முக்காலுக்கு நீங்களும் சாப்பிட்டுவிடுங்கள். கணவர் வந்து சாப்பிடும் அந்த அரை மணி நேரம்தான் உங்கள் இருவருக்கும் பேச்சு என்று எனக்குத் தெரியும். அதை விடச் சொல்லவில்லை. அவருக்குப் பரிமாறிவிட்டு, ஒரு டம்ளர் சீரகத் தண்ணீரோடு பக்கத்தில் உட்காருங்கள். பாத்திரத்தைக் காலையில் தேய்த்துக்கொள்ளலாம். பத்தரைக்குப் படுத்தால் ஐந்தரைக்கு எழலாம். பாபநாசத்தில் எந்த மாதத்திலும் அது உதயத்துக்கு முன்னால்தான். இப்போதைக்கு அது போதும்.

பதினொன்றில் மூன்றை வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, கழிவறை. பள்ளியில் போக முடியாது என்று அடக்கிப் பழகிய ஆசிரியைகளை வாரம் ஒருவரையாவது பார்க்கிறேன். இயல்பாக வரும் வேகத்தை அடக்குவதை ஆயுர்வேதம் நோய்க்கு வேராகவே சொல்கிறது. வீட்டிலேயே அவசரமில்லாமல் பத்து நிமிடம் அதற்கு ஒதுக்குங்கள். மற்ற எதுவும் அதற்குப் பிறகு.

இரண்டாவது, வாய். பல் தேய்த்து, நாக்கை வழித்து, கொப்பளிப்பது. எண்ணெய் கொப்பளிக்க ஆசை என்றால் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய். 20 நிமிடக் கணக்கு வேண்டாம். வாயில் எச்சில் நிறைந்து, கண்ணிலும் மூக்கிலும் லேசாக நீர் கசியும்போது துப்பிவிடுங்கள். மூன்று நான்கு நிமிடத்திலேயே அது வந்துவிடும். விழுங்கக் கூடாது. வாஷ் பேசினில் துப்பினால் குழாய் அடைக்கும், கொல்லையில் துப்புங்கள்.

மூன்றாவது, எண்ணெய். தினமும் உடம்பு முழுக்கத் தேய்க்க நேரமில்லாதவர்களுக்கும் நூலில் வழி இருக்கிறது. தலை, காது, பாதம் என்ற மூன்று இடங்களை விசேஷமாகச் சொல்லியிருக்கிறது. சின்னக் கிண்ணத்தில் இரண்டு தேக்கரண்டி செக்கு நல்லெண்ணெய். அந்தக் கிண்ணத்தை வெந்நீர் டம்ளரின் மேல் ஒரு நிமிடம் வையுங்கள். அடுப்பில் நேராகக் காய்ச்ச வேண்டாம். புறங்கையில் ஒரு சொட்டு விட்டால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. உச்சியில் ஒரு விரல் தொட்டு வைத்து அழுத்துங்கள். காது மடலின் பின்பக்கமும் சோணையும் தேய்த்தால் போதும், காதுக்குள் ஊற்றாதீர்கள். மீதி முழுவதும் பாதத்துக்கு. குதிகாலில் இருந்து விரல் வரை கட்டை விரலால் நீட்டி, விரல் இடுக்கு ஒவ்வொன்றிலும் விட்டுத் தேய்த்து, கணுக்காலைச் சுற்றி வட்டமாக. ஒரு காலுக்கு இரண்டு நிமிடம். முடிந்ததும் துணியால் துடைத்துவிடுங்கள், குளியலறைத் தரை வழுக்கும்.

முழு எண்ணெய்க் குளியல் ஞாயிற்றுக்கிழமைக்கு. செவ்வாய், வெள்ளிதான் பெண்களுக்கு என்று உங்கள் மாமியார் சொல்லக்கூடும். அவர் சொல்வதும் நல்ல வழக்கம்தான். வேலைக்குப் போகாத காலம் வந்தால் அதற்கு மாறிக்கொள்ளுங்கள். தேய்த்து அரை மணி ஊறி, பாசிப்பயறு மாவும் சீயக்காயும் போட்டுக் குளியுங்கள். நம் பக்கம் சம்பா அறுவடைக்கு முன்பே வயல் ஈரத்தில் தெளிக்கிற பயறுதான், வாங்கி அரைத்து வைத்தால் மாதக்கணக்கில் வரும். உடம்புக்கு வெந்நீர், தலைக்கு வெதுவெதுப்பு மட்டும். தலையில் சுடச்சுட ஊற்றினால் முடிக்கும் கண்ணுக்கும் பலம் குறையும் என்று நூலிலேயே இருக்கிறது.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. செம்புப் பானையில் வெறும் தண்ணீர் இருக்கலாம், எலுமிச்சையோ மோரோ கூடவே கூடாது. புளிப்பு பட்டால் செம்பு கரைந்து இறங்கும். வெந்நீரில் தேனை நிறுத்திவிடுங்கள், தேனும் சூடும் சேரக் கூடாது என்பது ஆயுர்வேதத்தின் அடிப்படைப் பாடம். மூக்குச் சொட்டு, பார்த்துச் சொல்ல வைத்தியர் இல்லாமல் வேண்டாம். யோகாவை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காபியைக் கேட்கவே இல்லை நீங்கள், ஆனால் எல்லோரும் மனதுக்குள் கேட்பது அதுதான். வயிறு சுத்தமான பிறகு, ஒன்று, சந்தோஷமாகக் குடியுங்கள்.

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் விவசாயம். வயது 61. எட்டு வருடமாகச் சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறேன். என் அப்பா விடியற்காலை நீராகாரம் குடித்துவிட்டு வயலுக்குப் போய் 88 வயது வரை இருந்தார். நானும் அதையே செய்யலாமா? காலையில் வேறு என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், நீடாமங்கலம்

பதில்: ஐயா, அப்பாவின் நீராகாரத்தோடு அப்பாவின் உழைப்பும் இருந்தது. அவர் ஏர் பிடித்த வயலில் இப்போது டிராக்டர் ஓடுகிறது. சோறு ஊறினாலும் சோறுதான், சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஆசைப்பட்டால் சோற்றை வடித்துவிட்டு, தண்ணீரில் கொஞ்சம் மோர் விட்டு, சின்ன வெங்காயத்தோடு ஒரு டம்ளர் குடியுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் பாருங்கள். ஒரு வாரம் எழுதி வைத்து, மாத்திரை கொடுக்கும் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை என் பேச்சைக் கேட்டோ வேறு யார் பேச்சைக் கேட்டோ நிறுத்தக் கூடாது.

உங்களுக்கு நான் சொல்லும் காலை வேலை ஒன்றே ஒன்று. அதைச் சொல்வதற்கு முன் ஒரு விஷயம்.

நான் படித்துவிட்டு வந்து திருவையாற்றில் உட்கார்ந்த முதல் வருடம். நடவு வேலைக்குப் போகும் ஒரு அம்மா கை கால் அசதி என்று வந்தார். ஒரு பக்கம் முழுக்கக் காலை முறைகளை எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து அதே தாள், மடித்த மடிப்புக் கலையாமல் முந்தானையில் இருந்து வந்தது. “நாலு மணிக்கு எந்திரிச்சி சோறு வடிச்சி வச்சிட்டு, விடியறப்ப சேத்துல நிக்கிறவ நான். இதுல எனக்கு எதும்மா?” என்று கேட்டார். கோபமே இல்லை அந்தக் குரலில், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அப்போதுதான் அவர் காலைப் பார்த்தேன். விரல் இடுக்கு எல்லாம் வெள்ளையாக ஊறிப் பிளந்து கிடந்தது, சேற்றுப்புண். அசதி என்று சொன்னதில் பாதி அந்த எரிச்சலால் வராத தூக்கம். தாளை வாங்கிக் கிழித்துப் போட்டேன். வயலில் இறங்கும் முன் இடுக்குகளில் வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சள், வீட்டுக்கு வந்ததும் கழுவி, ஈரம் போகத் துடைத்து மறுபடியும் அது. இவ்வளவுதான் அவருடைய தினசரியை. அதை அவர் நடவு முடியும்வரை ஒருநாள் விடாமல் செய்தார். அன்றிலிருந்து யார் வந்தாலும் நாடி பார்க்கும் முன் பாதத்தைப் பார்க்கிறேன்.

உங்களுக்கும் அதேதான். காலையில் எழுந்ததும் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு உள்ளங்காலையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டு வருடச் சர்க்கரையில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், முள் குத்தியது தெரியாது, கொப்புளம் தெரியாது. நல்லெண்ணெயைப் பாதத்தின் மேலும் கீழும் தடவலாம், உங்களுக்கு விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம், ஈரம் தங்கிப் புண்ணாகும். வெந்நீரில் காலை வைக்கும் முன் முழங்கையால் சூடு பாருங்கள். வரப்பிலும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். சின்னப் புண் என்றாலும், நிறம் மாறினாலும், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். கைவைத்தியம் பார்த்து ஒருநாள்கூடத் தள்ளாதீர்கள். தள்ளி வந்தவர்களின் கால்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி: ஐப்பசி முழுவதும் விடியற்காலையில் காவிரியில் துலா ஸ்நானம் செய்ய வேண்டும் என்று பாட்டி ஆசைப்படுகிறார், துணைக்கு நான். எனக்குச் சின்ன வயதிலிருந்து வீசிங் உண்டு. பாட்டிக்கு 74. போகலாமா?
– கல்லூரி மாணவி, மயிலாடுதுறை

பதில்: ஐப்பசி நம் பக்கம் அடைமழைக் காலம். விடியற்காலைக் குளிர்ந்த தண்ணீரில் தலை முழுகுவது வீசிங் உள்ள உனக்கு ஆகாது, அம்மா. கரையில் துண்டும் குடையுமாக நில், துணைக்குப் போனதாகவே ஆகும். இன்ஹேலர் கையில் இருக்கட்டும். பாட்டிக்கு நெஞ்சுவலி, ரத்த அழுத்தம் என்று ஏதாவது இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். வெள்ளம் வரும் நாளில் யாருமே இறங்கக் கூடாது.

பாட்டிக்கு மனசு ஆறாவிட்டால் முடவன் முழுக்கை நினைவுபடுத்து. ஐப்பசி முடிவதற்குள் வந்து சேர முடியாத முடவனுக்காகக் கார்த்திகை முதல் நாளும் அதே பலன் என்று உங்கள் ஊர் துலாக்கட்டத்தில்தானே வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு மழை விட்டிருந்தால், வெயில் ஏறிய பிறகு இரண்டு பேரும் போங்கள். பாட்டி படியில் உட்கார்ந்தபடி சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்ளட்டும், நீ கால் நனைத்தால் போதும். வீட்டுக்கு வந்ததும் பாட்டியின் தலையை நன்றாகத் துவட்டி, சுக்கும் கொத்தமல்லியும் தட்டிப் போட்ட காபியை இரண்டு பேரும் சூடாகக் குடியுங்கள்.