லேப்டாப் கிராபிக்ஸ் கோளாறு: வாரண்டி முடிஞ்சவங்க கேள்விகளும் என் பதில்களும்

காரைக்குடியில லேப்டாப் போர்டு வேலை பாக்குறவன் நான். பங்குனி வெயில் ஏறினாலே, திரையில கோடு விழுந்த மிஷினா வந்து சேரும். நிறையப் பேர் தேவையில்லாம ரெண்டு தடவை, மூணு தடவை பணம் கட்டிட்டுத்தான் வர்றாங்க. அதனாலதான் இந்தப் பதில்கள்.

காரைக்குடி, கல்லூரி மாணவர்: அண்ணே, கேமிங் லேப்டாப். வாரண்டி முடிஞ்சு மூணு மாசம் ஆகுது. திரையில பச்சையும் ஊதாவுமா கட்டம் கட்டமா வருது. கிராபிக்ஸ் கார்டை மட்டும் கழட்டி வேற மாட்டலாமா?

தம்பி, கார்டுன்னு சொல்றோமே தவிர பெரும்பாலான லேப்டாப்புல அது கார்டு இல்ல. மதர்போர்டோட பற்றவச்ச சிப்பு. பழைய ஒர்க்ஸ்டேஷன், கேமிங் மாடல் சிலதுல எம்எக்ஸ்எம்னு கழட்டி மாட்டுற பலகை உண்டு.

சிப்புதான் போச்சான்னு முதல்ல உறுதி பண்ணிக்கங்க. கட்டம் தெரியும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, போனுக்கு அனுப்பிப் பாருங்க. போன்ல படம் சுத்தமா இருந்தா, பெரும்பாலும் டிஸ்ப்ளேயிலயோ அதோட கேபிள்லயோதான் கோளாறு. அடுத்து எச்டிஎம்ஐ வயர்ல வீட்டு டிவியை மாட்டுங்க. அங்கேயும் அதே கட்டம் வந்தா சந்தேகம் சிப்பு பக்கம் போகுது. கடைசியா, ஆன் பண்ணின உடனே பயாசுக்குள்ள, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முந்தின செட்டிங் திரைக்குள்ள போங்க. விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே கட்டம் தெரிஞ்சா டிரைவர் (சிப்பை இயக்குற மென்பொருள்) குத்தம் இல்ல. விண்டோஸ்ல மட்டும் வந்தா டிரைவரை முழுசா நீக்கிட்டுப் புதுசா போட்டுப் பாருங்க.

இன்னொண்ணு. கிராபிக்ஸ் சிப்பைச் சுத்தி சின்னச் சின்ன மெமரி சிப்புகள் இருக்கும். அதுல ஒண்ணு போனாலும் இதே கட்டம்தான் வரும். அதை மட்டும் மாத்தினாப் போதும், செலவும் குறைவு. சோதிக்காம ‘சிப்பு போச்சு’ன்னு சொல்ற கடையில மிஷினைக் கொடுக்காதீங்க.

தேவகோட்டை, கல்யாண ஆல்பம் வேலை செய்யறவர்: ஒரு கடையில சூடு வச்சுச் சரி பண்ணிக் கொடுத்தாங்க. இருபது நாள்ல மறுபடி கருப்புத் திரை. இன்னொரு தடவை வச்சாச் சரியாயிடும்ங்கறாங்க. முகூர்த்த நேரம், வேலை குவிஞ்சு கிடக்கு அண்ணே.

வேண்டாம்ங்க. இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

அந்தச் சிப்புல இணைப்பு ரெண்டு அடுக்கு. கீழ, போர்டோட ஒட்டியிருக்கறது சால்டர்ங்கற பற்றவைக்கற உலோகக் குண்டுகள். மேல, கண்ணாடி மாதிரி மின்னுற சிலிக்கான் துண்டு தன்னோட பச்சைப் பலகையில ஒட்டியிருக்கறது அதைவிட ரொம்பச் சின்னப் புள்ளிகள்ல. வேலை செய்யும்போது சூடாகி விரியும், நிறுத்தினா ஆறிச் சுருங்கும். இப்படி ஆயிரக்கணக்கான தடவை நடந்தா அந்தப் புள்ளிகள்ல விரிசல் விழும். ஹீட் கன் பிடிச்சா விரிசல் கொஞ்ச நாளைக்கு ஒட்டிக்கிட்டு நிக்கும், படம் வரும். விரிசல் போகாது. ஈயமில்லாத சால்டர் உருகவே 217 டிகிரி வேணும். பல கடைகள்ல அந்தச் சூடுகூட வர்றதில்ல, ஆனாலும் படம் வருது. அப்போ சரியானது கீழ இருக்கற குண்டு இல்லன்னு அதுலயே தெரியுதுல்ல? அதனாலதான் குண்டை மட்டும் மாத்துற ரீபாலிங்கும் பல மிஷின்ல நிக்கறதில்ல.

இது பெரிய கம்பெனிக்கே நடந்த விஷயம். 2008 ஜூலையில என்விடியா, தன்னோட லேப்டாப் சிப்புகள்ல வந்த இந்த மாதிரிக் கோளாறுக்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கறதா அறிவிச்சது. அவங்களும் சிப்போட பொருளைத்தான் மாத்தினாங்க.

உங்களுக்கு ரெண்டே வழி. புதுச் சிப்பு போடணும், இல்லன்னா போர்டை மாத்தணும். புதுசுன்னு சொல்லிப் பழைய போர்டுல கழட்டினதைப் போடறதும் நடக்குது, அதனால புதுச் சிப்புன்னு பில்லுல எழுதி வாங்குங்க. சூடு வச்ச போர்டு பார்த்தாலே தெரியும். சிப்பு ஓரத்துல பிளக்ஸ் (பற்றவைக்கத் தடவுற பசை) பழுப்பா காஞ்சு நிக்கும், பக்கத்து பிளாஸ்டிக் கனெக்டர் பொரிச்ச அப்பளம் மாதிரி ஓரம் வளைஞ்சிருக்கும்.

முகூர்த்த வேலைக்கு, ஃபைல் எல்லாம் இருக்கற எஸ்எஸ்டியைக் கழட்டி யூஎஸ்பி கேஸ்ல போட்டு வேற கம்ப்யூட்டர்ல இன்னைக்கே ஃபைலை எடுத்துடுங்க. பிட்லாக்கர்னு ஃபைலைப் பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி போட்டிருந்தா 48 இலக்கச் சாவி கேக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்குல இருக்கான்னு கழட்டறதுக்கு முன்னாடியே பார்த்து எழுதி வச்சுக்கங்க.

கண்டனூர்: வீட்டு ஓவன்ல போர்டை வச்சுச் சுடலாமா?

கூடாது. கெப்பாசிட்டர் வெடிக்கலாம், பிளாஸ்டிக் உருகும், அந்தப் புகை படிஞ்ச ஓவன்ல அப்புறம் சாப்பாடு செய்வீங்க. பேட்டரியோட வச்சா தீயே பிடிக்கும்.

புதுவயல், அரிசி ஆலைக் கணக்கர்: கேம் எல்லாம் விளையாடுறதில்ல. ஆனா மதியம் ஆனா தொங்கி நிக்குது, ஃபேன் சத்தம் போடுது. கார்டு போச்சா?

இன்னும் போகலன்னு நினைக்கிறேன். ஆலைத் தூசி, தவிடு எல்லாம் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேத்துற உலோகத் தகடு) சந்துல கம்பளி மாதிரி அடைச்சிருக்கும். உங்க ஊர்ப் பக்கம் வந்த ஒரு மிஷின்ல கிளிப்பு வச்சு இழுத்தா முழுப் பட்டையா வந்தது. சுத்தம் பண்ணி, சிப்புச் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்துற தெர்மல் பேஸ்ட் காஞ்சுபோயிருக்கும், அதையும் மாத்தச் சொல்லுங்க. எச்டபிள்யூஇன்ஃபோன்னு இலவச மென்பொருள் இருக்கு. அதுல கிராபிக்ஸ் சூடு வேலை நேரத்துல 85 டிகிரி தாண்டிக்கிட்டே இருந்தா கவனிக்கணும். மெத்தை மேல வைக்காதீங்க. ஆத்தங்குடிக் கல்லு குளுமைதான், ஆனா லேப்டாப்புக்கு வேண்டியது அடியில ஓடுற காத்து. பின்பக்கம் ரெண்டு மரத்துண்டு முட்டுக் கொடுங்க.

பள்ளத்தூர் ஆச்சி: பேரன் வாங்கிக் கொடுத்தது தம்பி. வெளிநாட்டுல இருக்கற பிள்ளைகளோட பேச மட்டும்தான். கிராபிக்ஸ் சரி பண்ணப் பெரிய தொகை கேக்கறாங்க.

கொடுக்காதீங்க ஆச்சி. பெரும்பாலான லேப்டாப்புல பிராசஸருக்குள்ளயே ஒரு கிராபிக்ஸ் இருக்கு, வீடியோ கால் பேச அது தாராளம். திரை வருதுன்னா விண்டோஸோட டிவைஸ் மேனேஜர்ல கெட்டுப்போன சிப்பை டிஸேபிள் பண்ணினாப் போதும், பேரனைக் கூப்பிட்டே செய்யச் சொல்லலாம். சில மாடல்ல டிவிக்குப் போற எச்டிஎம்ஐ மட்டும் வேலை செய்யாது. திரையே வரலைன்னா கொண்டு வாங்க, போர்டுலயே அந்தச் சிப்புக்குப் போற கரண்டை நிறுத்த முடியுமான்னு பார்ப்போம்.

சிவகங்கை: வாரண்டி முடிஞ்சா கம்பெனிகிட்ட ஒண்ணுமே கேக்க முடியாதா? பழுது பார்த்த கடையும் பணம் திருப்பித் தர மாட்டேங்குது.

கேக்கலாம். தயாரிப்புக் குறைன்னு தெரிஞ்சா சில கம்பெனிகள் வாரண்டிக்கு அப்புறமும் இலவசமா செய்யறது உண்டு. 2011 மேக்புக் ப்ரோவோட கிராபிக்ஸ் கோளாறுக்கு ஆப்பிள் 2015 பிப்ரவரியில அப்படி அறிவிச்சது. உங்க மாடல் பேரைப் போட்டு கம்பெனி தளத்துல தேடுங்க.

கடை மேல இருக்கற குறைக்கு முதல்ல 1915க்குக் கூப்பிடுங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண். அப்புறமும் தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே புகார் கொடுக்கலாம், கடை சென்னையில இருந்தாலும் சரி. நீங்க கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரைக்கும்னா புகாருக்குக் கட்டணம் இல்ல, ரெண்டு வருசத்துக்குள்ள கொடுக்கணும். பில்லு இல்லாமப் பணம் கொடுத்திருந்தா, யூபிஐ ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காம வைங்க.

கானாடுகாத்தான்: எவ்வளவு வரைக்கும் செலவு பண்ணலாம்?

அதே மாடல் பழசு இன்னைக்கு என்ன விலைக்குப் போகுதுன்னு விசாரிங்க. நான் அதுல பாதிக்கு மேல யாரையும் செலவு பண்ண விடறதில்ல. அஞ்சு வருசம் தாண்டின மிஷின்னா கால்வாசிக்கு மேல வேண்டாம். ராம், எஸ்எஸ்டி, சார்ஜர் இதையெல்லாம் கழட்டி வச்சுக்கிட்டுத்தான் பழைய மிஷினைக் கொடுக்கணும், அதுக்குத் தனி விலை இருக்கு.