சூத்திரம் பாடம், கணக்கு மட்டும் பிழை: பௌதிகப் பகுதியை வீட்டில் மீட்பது எப்படி?

கேள்வி: மகள் தரம் 11. சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் சில வாரங்கள்தான். விஞ்ஞானப் பாடத்தில் பௌதிகப் பகுதிச் சூத்திரங்களை எப்போது கேட்டாலும் ஒப்புவிக்கிறாள். கணக்கில் போட்டால் பிழைக்கிறது. ஹட்டனுக்கு டியூஷன் அனுப்ப வசதியில்லை. வீட்டிலேயே என்ன செய்யலாம்? (ஒரு தாய், மஸ்கெலியா)

பதில்: முதலில் ஒப்புவிக்கச் சொல்வதை நிறுத்துங்கள். ஒரு தாளில் திணிவு, நிறை, விசை, அமுக்கம், வேலை, வலு, வெப்பம், வெப்பநிலை என்று எழுதிக்கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே அலகையும் அளக்கும் கருவியையும் புத்தகம் பார்க்காமல் எழுதச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறாளோ, கணக்கும் அங்கேதான் பிழைக்கும்.

பெரும்பாலும் முதல் தடுமாற்றம் திணிவும் நிறையும். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் விற்றராசு 18 கிலோகிராம் காட்டினால் அது திணிவு. அதன் நிறை 180 நியூற்றன் (ஒரு கிலோகிராமுக்கு 10 நியூற்றன் என்று கொண்டால்). உண்மையில் அந்தத் தராசின் வில் உணர்வது நிறையைத்தான்; முகப்பில் மட்டும் கிலோகிராமில் குறித்திருக்கிறார்கள். அதே தராசைச் சந்திரனுக்குக் கொண்டுபோனால் 3 கிலோகிராம்தான் காட்டும், ஏனென்றால் அங்கே ஈர்ப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. இரு தட்டுத் தராசோ அங்கும் 18 என்றே காட்டும். காரணத்தை (இரு தட்டிலும் ஈர்ப்பு ஒரேயளவு குறைகிறது) அவளே சொல்லிவிட்டால் இந்தப் பகுதியில் மேலும் மினக்கெட வேண்டாம்.

வேக - நேர வரைபில் சாய்வு ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்; குறைந்தால் அமர்முடுகல்), கீழுள்ள பரப்பளவு இடப்பெயர்ச்சி. இந்த ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்: ஓய்விலிருந்து புறப்படும் பஸ் 6 செக்கனில் செக்கனுக்கு 12 மீற்றர் வேகத்தை அடைகிறது, 10 செக்கன் அதே வேகத்தில் ஓடுகிறது, பின் 4 செக்கனில் நிற்கிறது. ஆர்முடுகல் 2, அமர்முடுகல் 3, மொத்த இடப்பெயர்ச்சி 36 + 120 + 24 = 180 மீற்றர். 240 என்று விடை வந்தால் முக்கோணங்களைச் செவ்வகமாக எடுத்திருக்கிறாள்.

அமுக்கத்துக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். மலையில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஆய்வுகூடம் கிடைக்காது. திரவ அமுக்கம் = ஆழம் × அடர்த்தி × ஈர்ப்பு ஆர்முடுகல். மேட்டிலுள்ள தண்ணீர்த் தாங்கியிலிருந்து லயத்துக்கு 60 மீற்றர் நீளக் குழாய் சரிவில் இறங்குகிறது. நிலைக்குத்து உயர வித்தியாசம் 15 மீற்றர். குழாயை மூடியிருக்கும்போது வாயில் நீரால் வரும் அமுக்கம் 15 × 1000 × 10 = 150 000 பஸ்கால். பிள்ளைகள் 60-ஐப் போட்டுவிடுகிறார்கள். குழாயின் நீளமோ தாங்கியின் அகலமோ இதில் சேராது.

ஆழம் கூட அமுக்கம் கூடும் என்பதை, நீர் நிரப்பிய போத்தலில் மேல், நடு, அடி என மூன்று துளையிட்டுக் காட்டும் செயற்பாட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. போத்தலை நிலத்தில் வைத்தால் நடுத்துளை நீர்தான் அதிக தூரம் போய் விழும். அடித்துளை நீரே அதிக தூரம் போகும் என்ற புத்தகம் பிழையோ என்று பிள்ளை குழம்புவாள். அடித்துளை நீர் வேகமாகத்தான் வெளியேறுகிறது, ஆனால் நிலம் பக்கத்தில் இருப்பதால் தூரம் போக நேரமில்லை. போத்தலை மேசை விளிம்பில் வைத்து, நீர் தரையில் விழ விடுங்கள். அடித்துளை நீர் முந்தும். துளைகள் ஒரே அளவில் இருக்கட்டும். ஒன்றுக்கு நேர் கீழே மற்றது வராமல் சற்று விலக்கிப் போட்டால் தாரைகள் ஒன்றோடொன்று கலக்காது.

நீர் 100 பாகையில் கொதிக்கும் என்பது கடல்மட்ட வளிமண்டல அமுக்கத்துக்குரிய கணக்கு. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளியமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்குதான். அதனால் அங்கே நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஹட்டனில் ஏறத்தாழ 96. நீராவியின் அமுக்கம் வெளி அமுக்கத்துக்குச் சமனானதும் கொதிப்பு தொடங்குகிறது, வெளி அமுக்கம் குறைவென்றால் அந்த நிலை முன்கூட்டியே வருகிறது. அடுப்பை எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடேறாது, சீக்கிரம் வற்றும், அவ்வளவுதான். பருப்பு வேக நேரமெடுப்பதும், பிரஷர் குக்கரில் விரைவாக வேகுவதும் இதனால்தான். பரீட்சையில் இடம் குறிப்பிடாவிட்டால் 100 என்றே எழுதட்டும்.

வெப்பக் கணக்கையும் இதிலிருந்தே தொடரலாம். 1 கிலோகிராம் நீரை 20 பாகையிலிருந்து 94 பாகைக்குச் சூடாக்க 1 × 4200 × 74 = 310 800 யூல் வேண்டும் (4200 என்பது நீரின் தன்வெப்பக் கொள்ளளவு, அதாவது 1 கிலோகிராம் நீரை 1 பாகை சூடாக்கத் தேவையான யூல்). 2 கிலோவாற்று மின்கேத்தலுக்கு 310 800 ÷ 2000, அதாவது ஏறத்தாழ 155 செக்கன். கேத்தலும் சுற்றுக்காற்றும் வெப்பத்தில் பங்கு எடுப்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடும். வழமையான பிழைகள் இரண்டு: வெப்பநிலை வித்தியாசத்துக்குப் பதில் 94-ஐப் போடுவது, கிலோவாற்றை வாற்றாக மாற்றாமல் 2-ஆல் வகுப்பது. இரண்டாவதில் விடை 155 400 செக்கன் வரும். அதை மணித்தியாலத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். கேத்தல் கொதிக்க 43 மணித்தியாலம் என்றால் அவளுக்கே சிரிப்பு வரும். விடை நடைமுறைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் இந்தப் பழக்கம் பத்துச் சூத்திரத்துக்குச் சமம்.

மின்னில் வலுவையும் சக்தியையும் குழப்புவதற்கு மின்பட்டியலே மருந்து: ஓர் அலகு என்பது ஒரு கிலோவாற்று மணித்தியாலம், 3 600 000 யூல். அந்தக் கேத்தல் அரை மணித்தியாலம் ஓடினால் ஓர் அலகு. தொடர், சமாந்தரச் சுற்றுகளை 1.5 வோல்ற்று உலர்கலம் இரண்டு, டோர்ச் பல்ப் இரண்டு, வயர்த் துண்டுகள் கொண்டு மேசையில் செய்து பார்க்கலாம். பழைய பற்றரியைப் பாவிக்க வேண்டாம், சமாந்தரத்தில் பல்ப் மங்கினால் சுற்றைச் சந்தேகிப்பதா கலத்தைச் சந்தேகிப்பதா என்று தெரியாமல் போகும். 230 வோல்ற்று வீட்டு மின்னில் எந்தச் செயற்பாட்டையும் செய்ய விடாதீர்கள்.