விமான நிறுவனங்கள் லாபத்துக்காகப் பாதுகாப்பில் கை வைக்குமா? மலிவு டிக்கெட்டில் பறப்பது ஆபத்தா?

முதல் தடவை பறக்கப் போகிறீர்கள் போல. டிக்கெட் போட்ட பிறகுதான் இந்தக் கேள்வியெல்லாம் வரும்.

நான் விமானத் துறை ஆள் இல்லை. மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் 19 வருடம் ஃபோர்க்லிஃப்ட், அதாவது பாரம் தூக்கும் வண்டி, ஓட்டியவன். "உனக்கு எதுக்குய்யா இந்தப் பதில்" என்று எழுத வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், கதையில் ஃபோர்க்லிஃப்ட் வருகிறது.

1979 மே 25, சிகாகோ. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் டிசி-10 விமானம் கிளம்பும்போது இடது எஞ்சின் கழன்று விழுந்தது. உள்ளே 271 பேர், தரையில் 2 பேர் இறந்தார்கள். எஞ்சினை இறக்கையோடு பிடித்திருக்கும் பாகத்துக்குப் பைலான் என்று பெயர். முதலில் எஞ்சினை இறக்கு, அப்புறம் பைலானைக் கழற்று என்பது தயாரித்த கம்பெனி சொன்ன முறை. இவர்கள் இரண்டையும் சேர்த்தே ஃபோர்க்லிஃப்டில் தாங்கி இறக்கினார்கள். ஒரு விமானத்துக்குச் சுமார் 200 மணி நேர ஆள் வேலை மிச்சம். அந்த விமானத்தில் வேலை பாதியில் இருக்கும்போது ஷிஃப்ட் மாறியது. திரும்பத் தொடங்கினால் பைலான் சிக்கிக்கொண்டது, ஃபோர்க்லிஃப்டை நகர்த்திப் பிடிக்க வேண்டியிருந்தது. அதில் விழுந்த விரிசலோடு 8 வாரம் பறந்தது.

இதைப் படித்தபோது எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வண்டியை அணைத்துவிட்டால் தூக்கி வைத்த ஃபோர்க் மெதுவாக இறங்கும். அதைத் தூக்கும் சிலிண்டரில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

என் வண்டியிலும் சீல் தேய்ந்துதான் இருந்தது. காலையில் தினமும் ஒரு செக் ஷீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஹைட்ராலிக் கசிவு என்று நான் இரண்டு முறை எழுதினேன். சூப்பர்வைசர் தங்கமான பையன், வில்லனெல்லாம் இல்லை. "அண்ணே, கப்பலுக்குக் கட்-ஆஃப் ராத்திரி எட்டு மணி. வண்டியை நிறுத்தினா பெட்டி உள்ள போகாது. நாளைக்குப் பார்த்துக்கலாம்ணே." மூன்றாம் நாள் நானே 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான்காம் நாளும். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததுதான் வினையே, நாமே நம்ப ஆரம்பித்துவிடுகிறோம். ஐந்தாம் நாள் மெஷின் பெட்டியைத் தூக்கிய நிலையில் வைத்துவிட்டு டீக்குப் போனேன். தூக்கி வைத்துவிட்டு இறங்கவே கூடாது, தெரியும், திட்டாதீர்கள். கட்டை வைக்கப் போன ஒடிசா பையனின் பாதம் மாட்டிக்கொண்டது. இரண்டு விரல் போயிற்று. விசாரணையில் அந்த ஷீட்டைத்தான் எடுத்து என் முன்னால் வைத்தார்கள். சீல் கிட் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மலிவு டிக்கெட் என்பதால் மட்டும் ஆபத்து இல்லை. ஒரே ரக விமானங்களை வைத்துக்கொண்டு, தரையில் நிற்கும் நேரத்தைக் குறைத்துத்தான் மலிவு டிக்கெட் நிறுவனங்கள் காசு பார்க்கின்றன. பராமரிப்பு விதி எல்லோருக்கும் ஒன்றுதான். நான் பயப்படுவது 'நேரம் மிச்சம்' என்ற பெயரில் வருவதற்கு. போயிங் 737 மேக்ஸ் விமானத்தில் மூக்கைக் கீழே தள்ளும் மென்பொருள் ஒரே ஒரு சென்சாரை நம்பியிருந்தது, விமானிகளின் கையேட்டில் அதைப் பற்றி விளக்கமே இருக்கவில்லை. சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டால் வாங்குகிறவர்களுக்குச் செலவு கூடும் என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. 2018-லும் 2019-லும் இரண்டு விபத்து, 346 உயிர்.

நம் ஊரிலும் விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கினார்கள். 2025 டிசம்பரில் புது விதிக்கு விமானிகள் போதாமல் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானதும் புது விதிகளில் சிலவற்றைத் தற்காலிகமாகத் தளர்த்திவிட்டார்கள். விமானிகளின் ஓய்வைப் பற்றியாவது பேச்சு வருகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கிற டிரெய்லர் டிரைவர் எத்தனை மணி நேரமாகத் தூங்கவில்லை என்று யார் கேட்கிறார்கள்? ஒண்ணுக்குப் போக இடமில்லை அவனுக்கு.

சரி, அது வேறு கதை. தைரியமாகப் போய் வாருங்கள். ஜன்னல் சீட்டுக்குத் தனிக் காசு கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள்.