எடைமேடையும் டேப் டிரைவும்: விஎம்முக்கு மாறும்போது எங்கே இணைப்பது?

கேள்வி: துவாஸில் ஒரு கிடங்கு நிறுவனத்தில் ஐடி வேலை பார்க்கிறேன். மூன்று பழைய சர்வர்களை ஒரே புதிய சர்வரில் விஎம்களாக (மென்பொருளால் உருவாகும் மெய்நிகர் கணினிகள்) மாற்றப் போகிறோம். லாரி எடைமேடையின் இண்டிகேட்டர் (எடையைக் காட்டும் கருவி) பழைய சர்வரின் காம் போர்ட்டில், அதாவது சீரியல் போர்ட்டில், இருக்கிறது. பேக்கப்புக்கு எல்டிஓ வகை காந்த டேப் டிரைவும் உண்டு. புதிய சர்வரில் கார்டு போட்டு இரண்டையும் விஎம்முக்குக் கொடுத்துவிடலாமா?

பதில்: முடிந்தவரை வேண்டாம். கருவியை நேரடியாக ஹோஸ்ட்டில், அதாவது விஎம்கள் ஓடும் நிஜ சர்வரில், செருகினால், அதைப் பயன்படுத்தும் விஎம் அந்த ஹோஸ்ட்டோடு கட்டிப்போடப்படுகிறது. விஎம்களை இயக்கும் மென்பொருள்களில் ஒன்றான விஎம்வேரில் நிஜ சீரியல் போர்ட்டைப் பிடித்திருக்கும் விஎம்மை, ஓடிக்கொண்டிருக்கும்போது வேறு ஹோஸ்ட்டுக்கு நகர்த்த முடியாது. மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வியில் அந்த வழியே இல்லை. விஎம்மின் காம் போர்ட்டை ஹோஸ்ட்டின் போர்ட்டோடு இணைக்க அது விடாது. இன்று ஒரே சர்வர்தானே என்று தோன்றும். நாளை அது பழுதாகி, விஎம்மை வேறு இயந்திரத்தில் எழுப்ப வேண்டி வரும்போதுதான் இந்தக் கட்டு வலிக்கும்.

எடைமேடைக்கு ஒரு சீரியல் டிவைஸ் சர்வர் வாங்குங்கள். ஒரு பக்கம் சீரியல் போர்ட், மறுபக்கம் நெட்வொர்க் போர்ட் உள்ள சின்னப் பெட்டி அது. அதை சர்வர் அறையில் வைக்காமல் எடைமேடை அறையிலேயே வையுங்கள். ஆர்எஸ்-232 (வழக்கமான சீரியல் போர்ட் வகை) கேபிளை வழக்கமாக 15 மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது. ஈதர்நெட் 100 மீட்டர் தாங்கும். சிங்கப்பூர் இடிமின்னலுக்கும் இது நல்லது. வெளியிலிருந்து நீளமாக வரும் சீரியல் கேபிள் ஹோஸ்ட்டின் மதர்போர்டில் போய் முடிவதை நான் விரும்பமாட்டேன். மின் தனிமைப்படுத்தல் உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

விஎம்முக்குள் அந்தப் பெட்டியின் டிரைவரை நிறுவினால் காம்3 போன்ற ஒரு போர்ட் தெரியும். பழைய எடை மென்பொருளுக்கு வித்தியாசமே தெரியாது. பழைய சர்வரை அணைப்பதற்கு முன் அந்த மென்பொருளில் பாட் ரேட், டேட்டா பிட், பாரிட்டி, ஸ்டாப் பிட் நான்கையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 9600, 8, பாரிட்டி இல்லை என்று ஊகிக்காதீர்கள்; 7 பிட், ஈவன் பாரிட்டியில் ஓடும் இண்டிகேட்டர்களும் உண்டு. கேபிள் நேர்க் கேபிளா, நல் மோடமா (அனுப்பும், பெறும் கம்பிகளை மாற்றி இணைத்த கேபிள்) என்பதையும் பாருங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. விஎம் திடீரென நின்று மறுபடி எழும்போது, பெட்டி பழைய இணைப்பு இன்னும் உயிரோடு இருப்பதாக நினைத்துப் புதிய இணைப்பை மறுக்கும். லாரி வரிசையில் நிற்கும், எடை வராது. பெட்டியின் அமைப்பில் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் இடைவெளியைக் குறைத்துவிடுங்கள். அப்புறம், சீரியலில் கடவுச்சொல் எதுவும் கிடையாது. அந்தப் பெட்டியைத் தனி விலேனில் (நெட்வொர்க்கில் பிரித்துவைத்த பகுதி) வைத்து, எடை விஎம் மட்டும் தொடும்படி செய்யுங்கள்.

டேப் டிரைவுக்கு என் பதில் வேறு: அது விஎம்முக்குள் வரவே வேண்டாம். டேப் டிரைவை இணைக்கும் எஸ்ஏஎஸ் கார்டை அப்படியே ஒரு விஎம்முக்குக் கொடுக்க விஎம்வேரில் வழி உண்டு. ஆனால் அந்த விஎம்மின் மெமரி முழுவதையும் ஒதுக்க வேண்டும், ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அப்போதைய நிலையின் பதிவு) எடுக்க முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், ஹோஸ்ட் செத்தால் மீட்டெடுக்க வேண்டிய பேக்கப் மென்பொருளும் அதோடு போய்விடும். ஆகவே உங்கள் பழைய சர்வர்களில் நல்ல நிலையில் இருப்பதை, அல்லது ஒரு சின்னப் புதிய இயந்திரத்தை, பேக்கப்புக்கு மட்டும் தனியாக வைத்து டேப்பை அதில் இணையுங்கள். டேப்புக்கு, பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு கார்டு ஆகாது. சாதாரண எஸ்ஏஎஸ் ஹெச்பிஏ (கருவியை அப்படியே இணைக்கும் கார்டு) போதும்.

பேக்கப்பை முதலில் அந்த இயந்திரத்தின் டிஸ்கில் இறக்கி, பிறகு டேப்புக்கு எழுதுங்கள். ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்குச் சுமார் 110 மெகாபைட்தான் வரும். புதிய எல்டிஓ டிரைவுகள் அதைவிட வேகமாக எழுதக்கூடியவை. டேட்டா போதாமல் போனால் டேப் நின்று, பின்னோக்கிச் சுற்றி, மறுபடி ஓடும்; டிரைவும் டேப்பும் இரண்டுமே தேயும்.

எல்டிஓ-4 தலைமுறையிலிருந்து டிரைவிலேயே ஏஇஎஸ்-256 குறியாக்கம் உண்டு. வாடிக்கையாளர் விவரம் டேப்பில் இருந்தால் அதை இயக்குங்கள், சாவியைச் சர்வருக்கு வெளியே வையுங்கள். எழுதிய டேப்பைக் கிடங்கின் ஒரு மூலையில் போட்டுவிடாதீர்கள்; நம் ஊர் ஈரப்பதம் அதற்கு ஆகாது, ஏர்கான் அறை வேண்டும்.

புதிய டிரைவ் வாங்குவதாக இருந்தால் பழைய டேப்புகளை முதலில் பாருங்கள். எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-7, எல்டிஓ-8 டேப்புகளை மட்டுமே படிக்கும். சிங்கப்பூரில் கணக்குப் பதிவேடுகளை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்து எல்டிஓ-5 டேப்புகள் உங்களிடம் இருந்தால், அவற்றிலுள்ளதைப் புதிய டேப்புக்கு மாற்றி, ஒரு கோப்பையாவது மீட்டெடுத்துப் பார்க்கும்வரை பழைய டிரைவைக் கழிக்காதீர்கள்.