பாதி வழியில் பிடிபட்ட புரதம்

கேள்வி: சிறிய புரதங்கள் நொடிக்குள் தாமாகவே மடிந்துகொள்ளும் என்று என் மகளின் பாடப்புத்தகத்தில் படித்தேன். அப்படியானால் பாதி மடிந்த நிலையை எப்படிக் கண்டறிந்தார்கள்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வழிமறித்துத்தான், அம்மா. எல்லாப் புரதங்களுக்கும் அவ்வளவு அவசரமில்லை. மாட்டுக் கணையத்தில் டிரிப்சின் என்னும் செரிமான நொதியை அடக்கி வைக்க ஒரு புரதம் இருக்கிறது. பெயர் பி.பி.டி.ஐ. சங்கிலியாகக் கோத்த மொத்தமே 58 அமினோ அமிலங்கள்; அந்தச் சங்கிலி தனக்குரிய வடிவத்துக்குச் சுருண்டுகொள்வதுதான் மடிதல். அவற்றில் 6, கந்தகம் கொண்ட சிஸ்டீன் என்னும் வகை. அவை இரண்டிரண்டாகக் கந்தகத்தால் கைகோத்து நிற்கும். ஆறையும் மூன்று ஜோடிகளாக்க 15 வழிகள் உண்டு, சரியானது ஒன்றுதான்.

அந்தப் பிணைப்புகளை அறுத்தால் புரதம் அவிழ்ந்துவிடும். (அறுக்கும் ரசாயனங்களின் நாற்றம் சொல்லி மாளாது. நான் ஆய்வகத்திலிருந்து வீடு திரும்பிய மாலைகளில் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலி.) பிறகு அதை மீண்டும் மடிந்து ஜோடி சேர விட வேண்டும். 1970களில் கேம்பிரிட்ஜில் தாமஸ் கிரைட்டன், அது நடந்துகொண்டிருக்கும்போதே அயோடோஅசிட்டேட் என்னும் ரசாயனத்தைச் சேர்த்தார். ஜோடி சேராத சிஸ்டீன்களுக்கெல்லாம் அது மூடி போட்டுவிடும். அதற்கு மேல் புதுப் பிணைப்பு அமையாது. அப்படிச் சிக்கியவற்றைப் பிரித்துப் பார்த்தபோது, வழியில் தவறான ஜோடிகளும் இருந்தன.

1991இல் ஜோனதன் வைஸ்மனும் பீட்டர் கிம்மும் மூடிக்குப் பதில் அமிலத்தைச் சேர்த்தார்கள். அமிலத்தில் சிஸ்டீன்கள் உடனே செயலற்றுப்போகும். அவர்கள் கணக்கில், அதிகம் தேங்கிய இடைநிலைகளில் இருந்தவை சரியான ஜோடிகள் மட்டுமே. பெரிய வாக்குவாதம் கிளம்பியது. என்னைக் கேட்டால், பிடிக்கும் முறையைச் சொல்லாமல் பிடிபட்டதைப் பற்றிப் பேசக் கூடாது.

எனக்கு அதில் மிகவும் பிடித்த இடம் வேறு. இரண்டு ஜோடிகள் சரியாகச் சேர்ந்த ஓர் இடைநிலை, கிட்டத்தட்ட முழுதாகவே மடிந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் இரண்டு சிஸ்டீன்களும் உள்ளே புதைந்துபோவதால் அவற்றால் கைகோக்க முடியாது. மேலே போக வேண்டுமென்றால், சரியாக அமைந்த பிணைப்பையே அவிழ்த்தாக வேண்டும்!

உங்கள் மகளின் புத்தகமும் பொய் சொல்லவில்லை. பார்லி விதையில் ஒரு சிறிய புரதம் கிடைக்கிறது. அதே 1991இல் ஆலன் ஃபெர்ஷ்ட் குழுவினர் சோதித்தபோது, அது வழியில் எங்கும் தங்காமல் ஒரே மூச்சில் மடிந்தது. கந்தகப் பிணைப்பு அதில் ஒன்றுகூட இல்லை.